உரிமைகளுக்குப் பாதகமின்றி ஒரு குடோன்

குரோம்பேட்டையில் ஒரு வியாபாரி வளர்ந்துவிட்டார் என்று ஊர் ஒப்புக்கொள்ள இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, கடையில் டெலிபோன் இருக்க வேண்டும். இல்லையென்றால், வக்கீல் இருக்க வேண்டும். டெலிபோனுக்கு எழுதிப் போட்டால், போட்டவருக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிற வயதில் கிடைக்கும். வக்கீல் அப்படியில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த மாடிப்படியில் ஏறினாலும் கிடைப்பார்.

பொன்னுரங்கத்திடம் இரண்டும் இல்லை. அவரிடம் இருந்தவை நாற்காலிகள். உட்கார்ந்தால் தொடையைக் கிள்ளுகிற இரும்பு மடக்கு நாற்காலிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், பிளாஸ்டிக் நாற்காலி வந்த புதிதில் துணிந்து ஒரு லாரி இறக்கினார். அதற்குப் பிறகு பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் அவர் நாற்காலியில் உட்காராமல் யாருக்கும் கல்யாணமும் ஆகவில்லை, காரியமும் ஆகவில்லை. ஷாமியானா, ஜமக்காளம், அண்டா, கரண்டி எல்லாம் சேர்ந்துகொண்டன. வியாபாரம் வளர்ந்தது. வீடு வளரவில்லை. கூடத்தில் நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகிக்கொண்டு விட்டத்தைத் தொட்டன. கட்டிலில் இரண்டு அண்டாக்கள் சுகமாகப் படுத்திருந்தன. அவர் மனைவி பச்சையம்மா சமையலறையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

"ஐப்பசி மழைக்குள்ள இந்த சாமானெல்லாம் வூட்ட வுட்டுப் போவணும்" என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இல்லாங்காட்டி நான் போறேன். எங்கம்மா வூடு ஒண்ணும் வெளிநாட்டுல இல்ல. பொழிச்சலூர்லதான் கீது."

அதற்கும் வழி பிறந்திருந்தது. அஸ்தினாபுரத்தில் லாசரஸுக்கு ஒரு காலி மனை. லாசரஸ் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவரும் பொன்னுரங்கமும் ஒரே பேப்பரைப் பிரித்துப் படிப்பார்கள். முன்பக்கம் அவருக்கு, கடைசிப் பக்கம் இவருக்கு.

"அந்த இடம் நெருஞ்சி முள்ளுக்குத்தானே கிடக்குது, நீ குடோன் கட்டிக்கோ. வாடகை நீயே பார்த்துக் குடு" என்றார் லாசரஸ். அரை கிளாஸ் டீயில் பேச்சு முடிந்தது. மீதி அரை கிளாஸில் கிரிக்கெட் பேசினார்கள்.

அந்த வாரமே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியிருப்பார்கள். அதற்குள் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்து தொலைத்தது.

நாற்காலி போட வந்த பொன்னுரங்கத்தை, இந்த வருஷம் முதல் முறையாக, உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த வெல்லமண்டிக்காரர் கேட்டார். "உங்க லீகல் அட்வைசர் யாரு?"

"நமக்கு எதுக்குண்ணா? கேஸ் ஒண்ணும் இல்லியே."

வரிசையே திரும்பிப் பார்த்தது. குழந்தை இல்லாத தம்பதியைப் பார்க்கிற பார்வை அது. வெல்லமண்டிக்காரர் அவர் முழங்காலைத் தட்டி, "ஒண்ணு கூடவா இல்ல?" என்றார் தணிந்த குரலில். "கவலைப்படாதீங்க. என் வக்கீலைப் பாருங்க. எனக்கும் முதல்ல ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு."

வக்கீல் சிட்டிபாபுவின் ஆபீஸ் ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது. படி ஏறினால் ஒரு நடை. இடது பக்கக் கதவில் 'சிட்டிபாபு, பி.ஏ., பி.எல்.' வலது பக்கக் கதவில் 'ஜெயக்கொடி சிட்டிபாபு, பி.எஸ்ஸி., பி.எல்.' நடுவில், இரண்டு கதவுக்கும் சரிசமமாக மேஜை போட்டுக் குமாஸ்தா சம்பந்தம் உட்கார்ந்திருந்தார். ஐயாவின் வேலையை இடது கையாலும் அம்மாவின் வேலையை வலது கையாலும் எழுதுவார் என்று அவரைப் பற்றி ஊரில் சொல்வதுண்டு. அது மிகை. இரண்டையும் வலது கையால்தான் எழுதினார்.

பொன்னுரங்கம் விஷயத்தைச் சொன்னார். ஒரு மனை, ஒரு குடோன், ஒரு வாடகை ஒப்பந்தம். எழுதிக் கொடுத்தால் போதும்.

சிட்டிபாபு கண்ணை மூடிக் கேட்டார். "இடம் குடுக்கறவரே நாளைக்கு உங்க மேல கேஸ் போட்டா?"

"லாசரஸ் சாரா? அவருதான் சார் கட்டிக்கோன்னாரு."

"எழுத்திலயா?"

"டீக்கடைல."

"பாத்தீங்களா!" சிட்டிபாபு கண்ணைத் திறந்தார். "சரி, வேற யார் யார் உங்க மேல கேஸ் போடுவாங்க?"

"யாரும் போட மாட்டாங்க சார்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். வியாதியை ஒப்புக்கொள்ளாத நோயாளிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். "நம்ம ஜனங்க எல்லாரும் கேஸ் வந்தப்புறம்தான் வக்கீல்கிட்ட வர்றாங்க, பொன்னுரங்கம். அதனாலதான் நாடு முன்னேறலை. கேஸ் வர்றதுக்கு முன்னாடியே வரணும். கேஸே வராதவங்களும் வரணும். என் கட்சிக்காரங்களை வேணும்னா விசாரிச்சுப் பாருங்க. ஒருத்தர் கூட ராத்திரி தூங்கறதில்லை. அலர்ட்டா இருக்காங்க. அதுதான் லீகல் அவேர்னஸ்."

பிறகு கேவியட் என்ற அஸ்திரத்தை விளக்கினார். நம்மேல் ஒருவர் கேஸ் போட்டு, நம்மைக் கேட்காமலேயே தடையுத்தரவு வாங்கிவிடலாம். அப்படி நடக்காமல் இருக்க, 'எங்களைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்' என்று கோர்ட்டில் நாமே முந்திக்கொண்டு ஒரு மனு போட்டு வைக்கலாம். தொண்ணூறு நாள் தாங்கும். அப்புறம் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சம்பிரதாயம் உண்டு. யார் கேஸ் போடுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அவருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அதைத் தெரிவித்துவிட வேண்டும்.

"நீங்க எம்மேல கேஸ் போடுவீங்கன்னு நான் நெனைக்கிறேன்னு, அவருக்கே எழுதணுமா சார்?"

"சட்டம் எதையும் முதுகுக்குப் பின்னாடி செய்யாது."

கேள்விகள் தொடர்ந்தன. ஷாமியானாக் கயிற்றை எங்கே கட்டுவீர்கள்? கிளியம்மாள் வீட்டு முருங்கை மரத்தில். சம்பந்தம் கிளியம்மாள் பெயரை எழுதிக்கொண்டார். சர்ச்சுக்குப் பந்தல் போடுவதுண்டா? உண்டு. கமிட்டி முழுவதையும் எழுதிக்கொண்டார். சாமான் இப்போது எங்கே இருக்கிறது? வீட்டில். வீடு யார் பேரில்?

"என் சம்சாரம் பேர்ல சார். மாமனாரு எழுதிவச்சது."

"கட்டில்ல அண்டா இருக்குன்னீங்களே?"

"ரெண்டு."

"ஆக்கிரமிப்பு" என்றார் சிட்டிபாபு. சம்பந்தம் எழுதிக்கொண்டார்.

"வேற பாக்கி சாக்கி? வேண்டுதல் ஏதாவது?"

"குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை ஒண்ணு பாக்கி கீது சார். லாரி நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிக்கினேன்."

முதல் முறையாக வக்கீலின் முகத்தில் கலவரம் தெரிந்தது. "சட்டப்படி சாமியும் ஒரு நபர். அதுவும் எப்பவும் மைனர். மைனருக்குக் காலக்கெடுவே கிடையாது. எப்ப வேணா போடலாம். ரொம்ப டேஞ்சர்."

பொன்னுரங்கம் மறுநாள் காலையிலேயே குன்றத்தூருக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஒரு கட்சியோடு மட்டும் விவகாரம் கோர்ட்டுக்கு வெளியிலேயே தீர்ந்தது.

மற்றவர்களுக்குத் தபால் போயிற்று.

முதலில் வந்தவள் கிளியம்மாள். ஆடி மாசம் கூழ் ஊற்ற வருஷா வருஷம் பொன்னுரங்கத்திடம்தான் பந்தல் எடுப்பவள். கவரைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு தெருக்கோடியிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள்.

"யோவ் மொட்டை! இன்னாய்யா இது? நான் உம்மேல கேஸ் போடப் போறேன்னு சீலு குத்தி வந்துகீது. சரி, போடறேன். இன்னாத்துக்குப் போடறேன்? அத்த எழுதவே இல்லியே!"

"அது சும்மாக்கா. ஒரு முன்ஜாக்கிரதை."

"இன்னா முன்ஜாக்கிரதை? நீ ஏதோ பண்ணிகீறே. ஒண்ணும் பண்ணாதவன் இன்னாத்துக்கு பயப்படறான்?"

பொன்னுரங்கம் தலையைத் தடவிக்கொண்டார். கிளியம்மாள் அவருடைய மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சட்டென்று அவள் முகம் தெளிந்தது.

"முருங்க மரம்! நீ கயிறு கட்டிட்டுப் போனதிலேர்ந்து அது காய்க்கவே இல்ல. எங்க நாத்தனா அப்பவே சொல்லிச்சு. நான்தான் பாவம் மனுசன்னு வுட்டுட்டேன்."

அடுத்த சில நாட்களில் ஊரின் ஞாபகசக்தி வெகுவாகப் பெருகியது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் பாயசம் புளிப்பாக இருந்ததற்கு அண்டாதான் காரணம் என்று தெரியவந்தது. ஒரு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா நாற்காலியோடு சறுக்கி விழுந்ததும், அந்தக் கல்யாணப் பேச்சு முறிந்துபோனதும் ஒரே மாதம் என்று ஒரு குடும்பம் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தது. அதுவரை ஒருவருக்கும் கோபம் இல்லை. காரணம் எதுவும் இல்லாமல் வெறும் கேஸ் மட்டும் கையில் வந்து விழுந்ததும், அதற்கேற்ற கோபத்தைத் தேடி எடுத்துப் பொருத்திக்கொண்டார்கள்.

தபாலில் வக்கீல் விலாசம் இருந்தது. ஆளாளுக்கு மாடிப்படி ஏறினார்கள். சம்பந்தம் மரியாதையாக எழுந்து நின்றார். "ஐயா அனுப்பின நோட்டீசுக்கு ஐயாகிட்டயே போகக் கூடாதுங்க. அது தர்மம் இல்லை. நீங்க வலது பக்கம் போங்க."

வலது பக்கம் ஜெயக்கொடி அம்மாள் ஒவ்வொருவருக்கும் ஒரு கேவியட் போட்டுக் கொடுத்தாள். பொன்னுரங்கம் தங்கள்மேல் கேஸ் போடக்கூடும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். அதைத் தெரிவிக்கும் ரிஜிஸ்டர் தபால்கள் பொன்னுரங்கம் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நாற்காலி ஒன்றை அவரே உருவிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார்.

பொன்னுரங்கம் தயங்கித் தயங்கி வக்கீலிடம் கேட்டார். "சார், எதிர்ல கீறவங்க உங்க வூட்டம்மாதானே?"

"வீட்டிலதான். இங்க அவங்க என் மதிப்புக்குரிய எதிர்த்தரப்பு வக்கீல். வீட்டில நாங்க கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டோம். அவ்வளவு ஸ்ட்ரிக்ட்."

"அப்ப இன்னா சார் பேசுவீங்க?"

சிட்டிபாபு கொஞ்ச நேரம் யோசித்தார். "பேசறதில்லை" என்றார்.

பச்சையம்மாவுக்கான கவரைத் தபால்காரர் அவள் கையிலேயே கொடுத்தார். பக்கத்து வீட்டு அமலராணியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் பொன்னுரங்கத்துக்குப் பயமாக இருந்தது.

"நான் உம்மேல கேஸ் போடுவேன்னு கோர்ட்டுக்கே தெரிஞ்சுபோச்சாமே. இத்தினி வருஷமா குடும்பம் பண்றேன், எனக்குத் தோணவே இல்ல பாரு. வக்கீல் வக்கீல்தான்யா." குழம்பை ஊற்றினாள். "நாளைக்கு அந்த ஜெயக்கொடி அம்மாவப் பாக்கப் போறேன். ரசம் வேணும்னா சொல்லு. அப்பறமா, ரசம் போடலன்னு எம்மேல கேவியட்டு போட்டுடப் போறே."

இதையெல்லாம் கூடப் பொன்னுரங்கம் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது டீக்கடையில் நடந்தது.

சிட்டிபாபு கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எதிர்க்கட்சியோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. தப்பித்தவறிப் பேச நேர்ந்தால், 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். அப்போதுதான் பேசியதை வைத்து நாளைக்கு யாரும் பிடிக்க முடியாது. மனைப் பக்கமே போகக் கூடாது. கேவியட் உயிரோடு இருக்கும்போது அங்கே ஒரு செங்கல் வைத்தாலும், அதுவே அவர்களுக்குக் காரணமாகிவிடும்.

சாயங்காலம் லாசரஸ் டீக்கடை பெஞ்சில் ஒரு கோடியில் இருந்தார். பொன்னுரங்கம் இன்னொரு கோடியில் உட்கார்ந்தார். பேப்பர் நடுவில் கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

"உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்றார் பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீ சாப்டீங்களா சார்?"

லாசரஸ் டீக்கடைக்காரரைப் பார்த்தார். "தம்பி, அந்த ஐயாகிட்ட சொல்லு. என் சர்வீஸ் பூரா என்மேல ஒரு மெமோ கிடையாது. ஒரு லேட் மார்க் கிடையாது. ரிட்டயர் ஆனப்புறம் ஒரு கவர் வருது. பென்ஷன் பேப்பர்னு நினைச்சு என் சம்சாரம் தபீதாள் ஜெபம் பண்ணிட்டுப் பிரிச்சா. உள்ள நான் வாக்கு மாறுவேன்னு எழுதியிருக்கு."

"அண்ணே, சாரு வார்த்தை மாற மாட்டாருன்னு எனக்குத் தெரியும், வக்கீலுக்குத்தான் தெரியாதுன்னு சொல்லுண்ணே!" என்றார் பொன்னுரங்கம்.

டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "யோவ், ரெண்டு பேரும் மூணடி தூரத்துல ஒக்காந்துகினு கீறீங்க. நான் யாருக்குய்யா சொல்றது? பேஜாரா கீது."

அன்று டீ ஆறிப் போயிற்று. கடைசிப் பக்கம் படிக்கப்படாமல் கிடந்தது. ஆடி பிறந்துவிட்டது. கிளியம்மாள் கூழ் ஊற்றப் பந்தல் எடுக்கவில்லை, வெயிலில் ஊற்றினாள். பச்சையம்மா டிரங்குப் பெட்டியில் புடைவை அடுக்கத் தொடங்கினாள். தொண்ணூறு நாள் முடிந்தால் என்ன ஆகும் என்று பொன்னுரங்கம் வக்கீலிடம் கேட்டார்.

"ரினியூ பண்ணிடலாம். கவலைப்படாதீங்க. பாருங்க, இதுவரைக்கும் ஒருத்தராவது உங்க மேல கேஸ் போட்டாங்களா? அதுதான் நம்ம கேவியட்டோட பவர்!"

இதற்குள் லாசரஸ் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஹெட் கிளார்க் ஆன ஒருவர் தனக்கு வந்த காகிதத்தை ஒரு முறை படித்துவிட்டு வைத்துவிட மாட்டார். லாசரஸ் அதைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் படித்தார். கோபம் தணியத் தணிய அவருக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. கேவியட் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்த்தது வந்துவிட்டால் எதிர்பார்ப்புக்கு வேலை இல்லை. வராதவரை அது பிறந்துகொண்டே இருக்கும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வலது பக்கம் திரும்பினார்.

"அம்மா, எனக்குக் கேவியட் வேண்டாம். ஒரு கேஸ் போடணும்."

ஜெயக்கொடி அம்மாள் எழுந்து நின்று கைகூப்பினாள் என்று சம்பந்தம் பின்னால் சொன்னார்.

பொன்னுரங்கத்துக்கு சம்மன் வந்தது. 'வாதி: லாசரஸ். பிரதிவாதி: பொன்னுரங்கம். மேற்படி மனையில் பிரதிவாதி குடோன் கட்டாமல் தடை செய்ய வேண்டியது.' அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலி அடுக்கின்மேல் சாய்ந்தார். அடுக்கு சரிந்தது. இடம் போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. லாசரஸ் சார் போட்டுவிட்டாரே என்பதுதான் பெரிதாகப் பட்டது.

சிட்டிபாபு அவரைக் கட்டிக்கொண்டார். "கங்கிராஜுலேஷன்ஸ்! நான் சொன்னேனா இல்லையா?" வியாபாரிகள் சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். வெல்லமண்டிக்காரர் கண் கலங்கி, "முதல் கேஸ் எப்பவும் தனி சந்தோஷம்தான்" என்றார்.

"இப்ப நான் குடோன் கட்டவே கூடாதா சார்?" என்றார் பொன்னுரங்கம், சால்வைக்குள்ளிருந்து.

"யார் சொன்னது? கட்டியே ஆகணும்! அவங்க கேட்டது கட்டறதைத் தடுக்கணும்னு. நாம கேவியட் போட்டிருக்கறதால நம்மைக் கேக்காம கோர்ட் தடை குடுக்காது. நீங்க கட்டாம சும்மா இருந்துட்டா எதைத் தடுக்கறது? கேஸே நிக்காது. ஒரு நல்ல கேஸைக் கெடுத்துடாதீங்க."

வாய்தா நாளன்று பொன்னுரங்கம் மின்சார ரயில் ஏறி, கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்சில் குனிந்த தலையோடு உட்கார்ந்தார். மொட்டையில் அப்போதுதான் முள்முள்ளாக முடி முளைத்திருந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். எலுமிச்சஞ்சாத வாசனை.

"எடுத்துக்கோ. தபீதாள் உனக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கா."

"சார்!" பொன்னுரங்கம் நிமிர்ந்தார். "கேஸ் போட்டுட்டீங்களே சார்."

"உனக்காகத்தான்யா போட்டேன்" என்றார் லாசரஸ், ஊறுகாயைப் பிரித்தபடி. "கேஸ் போடாதவரைக்கும் பேசக் கூடாதுன்னாங்க. போட்டாச்சு, இப்ப பேசலாம். இங்க வாதிக்கு ஒரு பெஞ்ச், பிரதிவாதிக்கு ஒரு பெஞ்ச்னு கிடையாது. எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க வக்கீலம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? நீ கட்டாட்டி என் கேஸ் விழுந்துடுமாம். என் மானம் போயிடும். எப்ப ஆரம்பிக்கறே?"

பொன்னுரங்கம் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு அழுதார். காரம் என்று சொல்லிக்கொண்டார்.

உள்ளே சிட்டிபாபு பதில் மனு போட அவகாசம் கேட்டார். ஜெயக்கொடி அம்மாள் ஆட்சேபித்தாள். அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில் அஸ்திவாரம் எழும்பியது. அடுத்த வாய்தாவுக்கு பதில் மனுவுக்குப் பதில் சொல்ல ஜெயக்கொடி அம்மாள் அவகாசம் கேட்டாள், சிட்டிபாபு ஆட்சேபித்தார், சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. வாதி தினமும் காலையில் குடையோடு மனைக்கு வந்து மேஸ்திரியை விரட்டினார்.

"இன்னா சார், செவுரு கோணலா கீதுன்றீங்க. நீங்கதான் ஓனரா?" என்று மேஸ்திரி கேட்டான்.

"கட்டறவர் பிரதிவாதி. நான் வாதி. இதைக் கட்டக் கூடாதுன்னு நான்தான் கேஸ் போட்டிருக்கேன். சாந்துல இன்னும் கொஞ்சம் சிமெண்ட் போடு."

நீதிபதி மாற்றலாகிப் போய்ப் புது நீதிபதி வருவதற்குள் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ஐப்பசி முதல் மழைக்கு முந்தின நாள் பால் காய்ச்சினார்கள். பச்சையம்மா விளக்கேற்றினாள். லாசரஸ் கொஞ்சம் நீளமாகவே ஜெபம் பண்ணினார். கிளியம்மாள் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து, மரம் திடீரென்று காய்த்துவிட்டதாகவும் கேஸ் போட்டால் காய் நின்றுவிடுமோ என்று பயமாக இருப்பதாகவும் சொன்னாள். அன்று ராத்திரி மழை கொட்டியது. நாற்காலிகள் எல்லாம் குடோனில் இருந்தன. பச்சையம்மா கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். டிரங்குப் பெட்டியிலிருந்து புடைவைகள் வெளியே வந்துவிட்டன.

அந்த வாரமே வாய்தா. புது நீதிபதி சின்ன வயதுக்காரர். கேஸ் கட்டைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் உள்ளவர். அதனால் வராந்தாவில் அவரைப் பற்றிக் கொஞ்சம் கவலை இருந்தது.

"வாதி இருக்காரா?"

லாசரஸ் எழுந்தார். பிரதிவாதியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். முழங்கால் வலி.

"எதைத் தடை செய்யச் சொல்றீங்க?"

"குடோன் கட்டறதைங்க ஐயா."

"இப்ப எந்த நிலைமையில இருக்கு?"

"நல்லா வந்திருக்குங்க ஐயா. ஒரு சொட்டு ஒழுகலை. கிழக்குப் பக்க ஜன்னல் மட்டும் இன்னும் அரையடி பெரிசா வச்சிருக்கலாம்."

நீதிபதி வாதியைப் பார்த்தார். பிரதிவாதியைப் பார்த்தார். நடுவில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்குள்ள என்னதான் தகராறு?"

"தகராறு ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றார் பொன்னுரங்கம். "கேஸ்தான் கீது."

சிட்டிபாபுவும் ஜெயக்கொடி அம்மாளும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒரே கருத்தைச் சொன்னது அன்றுதான் என்று சம்பந்தம் சாட்சி சொல்வார். "எங்கள் கட்சிக்காரர்கள் எங்களைக் கலந்துகொள்ளாமல் தங்களுக்குள் சமாதானமாக இருந்து வந்திருக்கிறார்கள்" என்றார் சிட்டிபாபு, குரல் தழுதழுக்க. "இதை அனுமதித்தால் நீதித்துறையின் மேல் பொதுமக்களுக்கு என்ன நம்பிக்கை இருக்கும்?" ஜெயக்கொடி அம்மாள், "மதிப்புக்குரிய எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வதை நான் அப்படியே ஏற்கிறேன். இரு தரப்பிலும் ஆட்சேபணை தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும்" என்றாள்.

நீதிபதி தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

வராந்தாவில் இருவரும் நின்றார்கள். பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றது. எதிரே சம்பந்தம் ஒரு பெரிய கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எல்லாம் ரிஜிஸ்டர் கவர்கள். பின்னால் சிட்டிபாபு உற்சாகமாகக் கையை ஆட்டினார். "பயப்படாதீங்க பொன்னுரங்கம்! கேஸ்தானே போச்சு? எல்லாருக்கும் புதுசா கேவியட் டைப் அடிச்சாச்சு. இன்னிக்கே போஸ்ட் பண்ணிடறேன். லாசரஸோட பேச்சு வார்த்தை வச்சுக்காதீங்க!"

லாசரஸ் டிபன் பாக்ஸை மூடிக் கூடையில் வைத்தார். பொன்னுரங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் குனிந்தார்.

"சார், ஓடிப் போய் உங்க வக்கீலம்மாகிட்ட சொல்லி உடனே அப்பீல் போடச் சொல்லுங்க சார். மேல ஒரு மாடி எழுப்பணும்."